பார்த்துப் பாடிய பிள்ளை

எங்கள் சபையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போனதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் குரல் கிடையாது. தன்னடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை எனக்கு. வாரம் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி, சனிக்கிழமை வரும்போது தொண்டை கட்டிப்போயிருக்கும்.

"எனக்குப் பாட வராதுங்கய்யா" என்று பாஸ்டரிடம் சொன்னேன்.

"நீ பாட வேணாம்மா. பிள்ளைங்கள பாட வைக்கணும். அம்புட்டுதான்" என்றார் அவர்.

எங்கள் ஆலயம் நான்கு வழிச் சாலையை ஒட்டி, டோல்கேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும். பெரியவர்களின் ஆராதனை முடிந்த பிறகு, பதினொன்றரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிள்ளைகள் வகுப்பு. மொத்தம் பதினான்கு பேர். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை. பசியோடும் தூக்கத்தோடும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டில் தையல் யூனிட்டுக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள் என்று எல்லாருக்கும் ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை வகுப்பில் இருந்தால் துணி துவைத்துவிடலாம் என்று அனுப்புகிறவர்களும் உண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

முதல் மாதம் பலகையில் பாட்டை எழுதிப்போட்டேன். பாதிப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. மீதிப் பேர் முணுமுணுத்தார்கள். நான் கத்த, லாரி கத்த, நடுவில் பாட்டு எங்கே போயிற்று என்றே தெரியாது. வீட்டுக்கு வந்து, இது எனக்கு ஆகாது என்று கணவரிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

அப்புறம்தான் குரல் இல்லாதவள் வேறு எதையாவது வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் வரைந்தேன். பெஞ்சுகளை இரண்டு வரிசையாகப் போட்டு, அதைத் திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் போகிற பஸ்ஸாக்கினேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வரி. வரியை மறந்தவர் இறங்க வேண்டும், அடுத்த முறை பாடிவிட்டு ஏறலாம். ஒரு பிள்ளை விசிலோடு கண்டக்டராக நிற்கும். கொட்டாங்கச்சியை இரண்டாக உடைத்து, உரசி வழவழப்பாக்கி, ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கை அசைவு வைத்தேன். பிள்ளைகள் அதை ஆக்‌ஷன் என்பார்கள். "அக்கா, இன்னைக்குப் புது ஆக்‌ஷன் உண்டா?" என்று வாசலிலேயே கேட்க ஆரம்பித்தார்கள். முணுமுணுப்பு போய்ச் சத்தம் வந்தது. பெரியவர்கள் ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

புத்தகத்தில் இருந்த பாட்டுகளில் பாதி வார்த்தைகள் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அதனால் நானே ஒரு பாட்டுக் கட்டினேன். படகில் தூங்கிக்கொண்டிருந்த இயேசு எழுந்து புயலை அடக்கிய கதை.

காத்தே சும்மாயிரு
கடலே சும்மாயிரு
ஆண்டவரு எந்திரிச்சா
அம்புட்டும் சும்மாயிரு

இசையெல்லாம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது எண்ணுகிற தாளம்தான். காற்றுக்கு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து அடிக்க வேண்டும். கடலுக்கு உள்ளங்கையைக் கவிழ்த்து அகல விரித்துத் தடவ வேண்டும். சும்மாயிரு என்றால் கையை நீட்டித் தள்ள வேண்டும். எங்கள் பிள்ளைகளில் கடலைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்குக் கண்மாய்தான் கடல். என்னுடைய பழைய நீலச் சேலை ஒன்றை நடுவில் விரித்து, இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்தி, பிடித்து ஆட்டச் சொன்னேன். அலை எழும்பும். சும்மாயிரு என்றதும் சேலையைத் தரையோடு அமர்த்திவிட வேண்டும். அந்தப் பாட்டை அவர்கள் வாரா வாரம் கேட்டார்கள்.

நான் சொல்ல வந்த பிள்ளை எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஐந்தரை வயது. எப்போதும் முன் வரிசையில் என் வலது கைப் பக்கம் வந்து உட்காருவாள். அந்த இடத்தை யாராவது பிடித்துவிட்டால் கிள்ளியாவது எழுப்பிவிடுவாள். அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் நாக்கு தடித்த மாதிரி இருக்கும். "மழலை இன்னும் போகலக்கா" என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் ஆக்‌ஷனில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் கை எழும்போதே அவள் கையும் எழும். மற்றவர்கள் மூன்று வாரத்தில் பிடிப்பதை அவள் ஒரே தடவையில் பிடிப்பாள். வாயும் கூடவே அசையும். முதல் வருடம் சிறுவர் ஞாயிறு அன்று எங்கள் பிள்ளைகள் சபை முன்னால் பாடியபோது, எல்லாருடைய செல்போனும் அவளைத்தான் படம் எடுத்தது. அவளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தோம்.

ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் அவள் சொதப்புவாள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, பாட்டின் புது வரியை ஒருத்தி காதில் நான் ரகசியமாகச் சொல்வேன். அந்தப் பிள்ளை அடுத்த பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும். சுற்றிக் கடைசிப் பிள்ளை எழுந்து அதைச் சத்தமாகப் பாடும். அந்த வரி எப்போதும் இவளிடம் வந்துதான் உடையும். அவள் பக்கத்துப் பிள்ளையின் காதில் வாயை வைத்து எதையோ உளறிவிட்டுச் சிரிப்பாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கோபம் வந்து சுவரோரம் நிற்க வைத்தேன். பத்து நிமிடம் நின்றாள். அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடம்பிடிக்கிற பிள்ளை என்று அன்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

இரண்டாவது வருடம் சிறுவர் ஞாயிறுக்கு முந்தின வாரம் ஒத்திகை. பாஸ்டரின் மனைவி பார்க்க வந்திருந்தார்.

"நல்லாருக்கும்மா. ஆனா நீ முன்னால நின்னு ஆடுற வரைக்கும் பிள்ளைங்க உன்னையத்தான பாக்குதுங்க. சபையப் பாத்துப் பாடட்டும். நீ பின்னால போயிரு" என்றார்.

சரியாகத்தான் பட்டது. பிள்ளைகளைச் சபை பக்கம் திருப்பி இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டு நான் பின்னால் போய் நின்றேன். "காத்தே" என்று எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் பாடினார்கள். முன் வரிசையில் அவள் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவளுக்கு முன்னால் பார்ப்பதற்கு யாரும் இல்லை. பக்கத்துப் பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்து ஒரு வரி பிந்திக் கையை விரித்தாள். அப்புறம் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள்.

"முன்னாடி பாரு பாப்பா!"

அதற்குள் முன்னால் திரும்பிவிட்டிருந்தாள். மறுபடி பாட்டைத் தொடங்கினேன். மறுபடி அதே கதை. அவள் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் தன் பாவாடை நாடாவைத் திருகிக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சி இரண்டை எடுத்து அவள் தலைக்குப் பின்னால் தட்டினேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். அவர்கள் திரும்பியதைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் சொன்னாள்: "அக்கா, அவளுக்குப் பின்னாடியிருந்து கூப்பிட்டாக் கேக்காதுக்கா. தொட்டுக் கூப்பிடணும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்க்கா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

அவள் கொஞ்சம் பயந்துபோய், "நீங்க கேக்கலயேக்கா" என்றாள்.

மற்ற பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு அவளை மட்டும் என் எதிரில் உட்கார வைத்தேன். நாலாம் வகுப்புக்காரி போகாமல் வாசலில் நின்றாள். "நீ மட்டும் பாடு பாப்பா. அக்காவுக்குப் பாடிக் காட்டு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். நான் கையை அசைக்கவில்லை.

அவளுக்கு ஒரே சந்தோஷம். எழுந்து நின்று, ஒரே சுருதியில், அந்த ஆலயமே எதிரொலிக்கிற மாதிரிப் பாடினாள்.

"காக்கா சும்மாயிரு. கடலை சும்மாயிரு."

வாசலில் நின்றவள் களுக்கென்று சிரித்தாள். மூன்றாவது வரிக்குச் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. நான்காவது வரியில் மறுபடி சும்மாயிரு வந்ததும் குரல் திரும்ப வந்தது.

"இது என்ன பாட்டு பாப்பா?" என்றேன்.

அவள் என்னை, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். தடித்த நாக்கில் விளக்கினாள். காக்கா வரும். கடலையைத் தின்னும். விரட்டணும். நான் காற்றுக்கு வைத்த அசைவைச் செய்து காட்டினாள், அது காக்காயின் சிறகு. கடலுக்கு வைத்ததைச் செய்தாள், அது கடலையைக் காயப் பரப்புகிற கை. நீலச் சேலையைச் சுட்டி, "தார்ப்பாய்" என்றாள். எங்கள் பக்கம் நிலக்கடலை பிடுங்கியதும் ரோட்டோரம் நீலத் தார்ப்பாயில் பரப்பிக் காயவைப்பார்கள். காக்காய் விரட்டுவது பிள்ளைகளின் வேலை. இரண்டு வருடமாக அவள் என் வாயையும் கையையும் பார்த்து, தனக்கென்று ஒரு முழுப் பாட்டைக் கட்டி வைத்திருந்தாள். அது என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அவளைச் சுவரோரம் நிற்க வைத்தது நினைவுக்கு வந்தது.

அன்று மதியமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா மேலூர்ப் பக்கம் கிரானைட் கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் வீட்டில் இருப்பார். அம்மா தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். என்னென்னவோ சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"என் புள்ளைக்குக் காது கேக்காதுங்கிறீகளா?"

"சரியாக் கேக்கலன்னு நினைக்கிறேன். ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டம்னா..."

"டிபன் பாக்ஸ் குடுத்தீகல்லக்கா."

நான் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"போன வருசம் அன்னைக்கு கோயில் வாசல்ல வச்சு நான் ஒங்ககிட்டதானக்கா கேட்டேன். கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறா, டிவிக்குப் பக்கத்துல போய் ஒக்காந்துக்கிறா, காதுல எதும் கோளாறு இருக்குமோன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீக?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் கேட்டிருந்தாள். நான் சிரித்தேன். "அட போங்க. கேக்காமயா இம்புட்டு அழகா ஆக்‌ஷன் பண்றா? எம் பிள்ளைங்கள்லயே இவதான் கெட்டிக்காரி" என்றேன். எம் பிள்ளைங்க என்றுதான் சொன்னேன்.

"நீங்க சொன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. அவுக அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன், டீச்சரே சொல்லிட்டாக, ஒண்ணுமில்லன்னு. பள்ளிக்கூடத்துல கவனம் இல்லன்னு எழுதி விட்டப்பக்கூட அன்னைக்கு அவ ஆடுன வீடியோவத்தான் போட்டுப் பாத்துக்கிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஈரத் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகு, "எந்த ஆஸ்பத்திரிக்கிக்கா போகணும்?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற அறைக்குள் இன்னொரு சின்னக் கண்ணாடி அறை இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டி, கையில் நிறைய பிளாஸ்டிக் குச்சிகளைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு குச்சியை எதிரில் உள்ள துளையில் குத்த வேண்டும் என்று சொன்னார்கள். அவளுக்கு அது நன்றாகப் புரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பொத்தானை அமுக்குகிற பெண்ணின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெண் குனிந்து அமுக்கும்போதெல்லாம் ஒரு குச்சியைச் சரியாகக் குத்தினாள்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேக்குதுக்கா. பாருங்க, கேக்குது."

எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. பரிசோதிக்கிற பெண் எழுந்து உள்ளே போனார். பிள்ளையைத் தட்டிக்கொடுத்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் ரொம்ப நேரம் குச்சியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம், சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள் போல, ஒவ்வொன்றாக எல்லாக் குச்சிகளையும் வரிசையாகக் குத்தி முடித்துவிட்டாள். முடித்துவிட்டு, சரியா என்று கேட்க எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். இரண்டு காதும் மோசம். ஆரம்பத்தில் ஓரளவு கேட்டிருக்கும், அதனால்தான் இவ்வளவாவது பேச்சு வந்திருக்கிறது. இப்போது குறைந்துகொண்டே போகிறது. காது மெஷின் மாட்டலாம், பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம். ஆனால் எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்து கருவி வைப்பதற்கான அரசுத் திட்டம் சின்ன வயதிலேயே வருகிற பிள்ளைகளுக்கு. இவளுக்கு வயது தாண்டிவிட்டது.

"போன வருசமே வந்திருந்தா கெடச்சிருக்குமா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அத இப்ப எப்படிம்மா சொல்றது? அப்ப எம்புட்டு கேட்டுச்சுன்னு நமக்குத் தெரியாதே" என்றார் டாக்டர்.

எனக்கு இதுவரை கிடைத்திருக்கும் பதில் அவ்வளவுதான். கிடைத்திருக்கும் என்று சொல்லியிருந்தால் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டிருப்பேன். கிடைத்திருக்காது என்றால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அந்த வருடம் சிறுவர் ஞாயிறு நடந்தது. அவள் வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. நான் முன்னால் நின்றேன், அவள் என்னைப் பார்த்து ஆடினாள், சபையார் கை தட்டினார்கள். அவள் காக்காய் விரட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கும் அந்த நாலாம் வகுப்புப் பெண்ணுக்கும் மட்டும் தெரியும்.

காது மெஷின் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்க வேண்டும், முகாம் நடக்கும் வரை காத்திருக்க வேண்டும், அளவெடுக்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள். இரண்டு தடவைக்கு மேல் என்னால் லீவு எடுக்க முடியவில்லை. மீதிக்கு அவள் அம்மா தனியாகத்தான் அலைந்தாள். மெஷின் மாட்டிக்கொண்டு வந்த முதல் ஞாயிறை நான் எவ்வளவோ எதிர்பார்த்திருந்தேன். பிள்ளைகளிடம் மெதுவாகப் பாட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். ஆனால் காலை ஆராதனையிலேயே காரியம் கெட்டுப்போயிற்று. மைக், கீபோர்டு, கைத்தட்டல், கூரைக்குக் கீழே சுற்றும் பழைய ஃபேன், வெளியே ஏர் ஹாரன் எல்லாம் ஒன்றாக அவள் காதுக்குள் போயிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் வகுப்பு ஆரம்பித்ததும் நேராக என்னிடம் வந்தாள். இரண்டு மெஷினையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நான் விட்டுவிடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பலூன் வாங்கி வந்தேன். ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றால் சத்தம் அதிர்வாக உடம்பில் தெரியுமாம். அவளுக்கு மட்டும் கொடுத்தால் வித்தியாசமாக இருக்குமே என்று பதினான்கு பேருக்கும் ஊதிக் கொடுத்தேன். கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் தடித்த சுரமாக வாசிக்கச் சொன்னேன். அவள் பலூனைக் கட்டிப்பிடித்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கண் பெரிதாவதைப் பார்த்தேன். பலூனைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், பலூனில் கன்னத்தை வைத்தாள். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் பலூனை உடைத்தார்கள். உடனே எல்லாரும் உடைத்தார்கள். சின்னதுகள் அழுதன. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த வாரங்களிலும் அவளுக்கு மட்டும் பலூன் வைத்துப் பார்த்தேன். அதிர்வு அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைத் தவிர அதில் பாட்டு என்று ஒன்று அவளுக்கு எட்டியதா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் அதைக் கேட்பதற்கும் எனக்கு வார்த்தை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பாஸ்டரிடம் போய், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். கையைத் தூக்கி ஒரு ஆக்‌ஷன் செய்யும்போதெல்லாம் எதை மறைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது என்றேன்.

"வேற யாரும்மா இருக்கா?" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சேர்ந்து ஜெபம் பண்ணினோம். அடுத்த ஞாயிறு நான்தான் போனேன்.

பள்ளிக்கூடத்தில் அவள் பின்தங்கிக்கொண்டே வந்தாள். பேச்சும் குறைந்தது. முன்பு சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளே உருமாறி, அம்மாவுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஆயிற்று. மதுரையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று விடுதியோடு ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே கையாலேயே பேசக் கற்றுக்கொடுப்பார்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். பிள்ளையின் அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "எட்டு வயசுப் புள்ளைய எப்படி விட்டுட்டு வாரது? கஞ்சியோ தண்ணியோ நம்ம கூட இருக்கட்டும்" என்று லாரியிலிருந்தே போனில் சத்தம் போட்டார். இரண்டு மாதம் அந்த வீட்டில் சண்டை. என்னிடம் கேட்டார்கள். இந்தத் தடவை நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் சரி. என் வாயால் ஒரு தடவை சொன்னதே போதும் என்று இருந்தது. கடைசியில் அவள் அம்மாதான் முடிவெடுத்தாள்.

ஜூன் மாதம் கொண்டுபோய் விட்டோம். அப்பா மேலூரிலிருந்து நேரே வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளையை ஒரு தடவை தூக்கி இறக்கிவிட்டு, லோடு நிற்கிறது என்று போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றோம்.

மைதானத்தில் நாற்பது ஐம்பது பிள்ளைகள். எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகள் பறந்தன, முகங்கள் மாறின, ஒருத்தி எதையோ கையால் சொல்ல நான்கு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். அம்மாவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டதை அவள் அறிந்து செய்தாளா என்று தெரியாது. நடக்க ஆரம்பித்தவள் பாதியில் ஓட ஆரம்பித்தாள்.

அவள் அம்மா பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தாள். முதல் எழுத்து வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றோம். வார்டன் வந்து, "போய்ட்டு வாங்க, பாத்துக்கிறோம்" என்றார்.

திருமங்கலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அம்மாவின் மடியில் பிள்ளையின் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அங்கே புதுச் செருப்புத்தான் போட வேண்டும் என்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள். திருநகர் தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, அங்க எல்லாம் கையிலதானே பேசுவாக?"

"ஆமா."

"லைட்ட அணைச்சதுக்கு அப்புறம் அவ யார்கிட்டக்கா பேசுவா? கை தெரியாதுல்ல?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். இருட்டில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் எந்த வழியும் இல்லை. கையைத் தொட்டுப் பேசுவார்களாக இருக்கும் என்று சொல்ல வந்தேன், எனக்கு அது தெரியாது, அதனால் சொல்லவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். இரண்டு பேருக்கும் நானே எடுத்தேன். எங்கள் நிறுத்தம் வரும் வரை அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். இறங்கி, சாலையைக் கடக்க லாரிகள் விடட்டும் என்று இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.